கடல் கடந்த உழைப்பும் அரசின் காப்பும்

மயிலாடும்பாறையை உள்ளிட்ட தேனி மாவட்டத்து உழைப்பாளர்க்கு எல்லை கடந்து பிழைப்பது புதிதன்று. போடிமெட்டும் கம்பம்மெட்டும் ஏறி ஏலத்தோட்டங்களில் கூலி வேலை செய்வோர், தொல்லை நேரின் பேருந்தேறி ஊர் திரும்பலாம். வளைகுடா செல்வோர்க்கு அஃது எளிதன்று. அங்குப் பலர்க்கும் தங்கும் உரிமையே முதலாளியைச் சார்ந்தது. எனவே அவர்க்குத் தாய்நாட்டு அரசின் துணை எம்மட்டில் உண்டு என்பது ஈண்டு ஆராயத்தக்கது.

இத்துணைக்கு ஒரு வரலாறு உண்டு. 1922ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ், இலங்கையிலும் மலேயாவிலும் இருந்த தமிழ்த் தோட்டத் தொழிலாளர் நலம் பேண இந்திய அரசின் முகவர்கள் அமர்த்தப்பட்டனர். மலேயாவில் கூலி குறைக்கப்படவே, 1938இல் அரசு அங்கு ஆள் அனுப்புவதையே தடுத்தது. மறு ஆண்டு இலங்கைக்கும் தடை வந்தது. அயலார் ஆட்சியே செய்த செயல் இது! ஆயினும் வாயிலை அடைப்பதொன்றே அவ்வாட்சிக்குத் தெரிந்த வழி.

1983ஆம் ஆண்டுச் சட்டமும் வாயிற்காவலையே பெரிதும் நம்புகிறது. பத்தாம் வகுப்புத் தேறாதார் வளைகுடா நாடுகள், மலேசியா முதலிய 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லக் குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி வேண்டும். ஒப்பந்தம் பார்க்கப்படும், பத்து இலட்ச ரூபாய்க் காப்பீடு கட்டாயம், முகவர் பதிவு பெற்றவராதல் வேண்டும். இவ்வளவையும் ஒரு சுற்றுலா விசா வீணாக்கிவிடும். ‘விசிட்டில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம்’ என்னும் தரகரின் சொல்லை நம்பிச் செல்பவர்க்கு ஒப்பந்தமும் இல்லை, காப்பீடும் இல்லை.

மாணவர்கள் கருத வேண்டியது வேறொன்று. பத்தாம் வகுப்புத் தேறியவர்க்கு, செவிலியர் போன்றோர் நீங்கலாக, இவ்வனுமதி தேவையில்லை. அவர் செங்கல் சுமக்கச் சென்றாலும் சட்டம் அவரைத் தற்காத்துக்கொள்ள வல்லவர் என்றே கொள்கிறது! சான்றிதழை அளவுகோலாக்கிய சட்டம் வேலையை நோக்கவில்லை என்பதே எம் கருத்து.

பிலிப்பைன்சு நாடு வேறு வழி கண்டது. 1995இல் அந்நாட்டுப் பணிப்பெண் ஃபுளோர் கொன்டெம்பிளாசியோன் சிங்கப்பூரில் தூக்கிலிடப்பட்டபோது மக்கள் கொதித்தெழுந்தனர்; அவ்வாண்டே புதுச் சட்டம் பிறந்தது. அதன்படி அயல்நாட்டு முதலாளி தராத கூலிக்கு உள்நாட்டு முகவரும் கூட்டுப்பொறுப்பாளி. ஊர் திரும்பிய தொழிலாளி, தன்னை அனுப்பியவர்மீது தன் நாட்டிலேயே வழக்குத் தொடுத்து அக்கூலியைப் பெறலாம்.