பாடியைத் தாண்டுவதற்குள்: பிரசவ உதிரப்போக்கில் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

கர்ப்பிணியாகவே கண்மூடிய பெண்ணின் நினைவாகச் சாலையோரத்தில் சுமைதாங்கிக் கல் நடுவது நம்மூர்ப் பழைய வழக்கம். அவள்தான் சுமையை இறக்காமல் போய்விட்டாள், வழிப்போக்கராவது இறக்கி வைக்கட்டும் என்ற எண்ணம். எனக்கு அப்படியொரு கல் தேவைப்படாமல் போனது அரைமணி நேர விஷயம். திருமுல்லைவாயலில் வீடு. அம்பத்தூர்ப் பக்கம் ஒரு சிறிய நர்சிங் ஹோமில் இரண்டாவது பிரசவம். சுகப்பிரசவம்தான். குழந்தை அழுதது, நஞ்சு விழுந்தது, ஸ்வீட் வாங்க ஆள் கிளம்பியாயிற்று. அப்புறம்தான் ரத்தம் நிற்கவில்லை என்று தெரிந்தது. அங்கே ரத்தம் கிடையாது. ஆம்புலன்ஸ் எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது எனக்கு நினைவில்லை.

நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் ரத்தம் பாய்கிறது. நஞ்சு பிரிந்ததும் கர்ப்பப்பை கல்லாக இறுகினால்தான் அங்குள்ள ரத்தக் குழாய்களின் வாய் மூடும். தொளதொளவென்று கிடந்தால் மூடாது. கவனிக்காவிட்டால் இரண்டு மணி நேரத்தில் உயிர் போகலாம். ஆனால் எங்கள் பக்கத்து ஆவடியிலிருந்து எழும்பூர் 20 கிலோமீட்டருக்கு மேல், நடுவில் நெரிசலான பாடி சந்திப்பு.

செய்ய வேண்டியவை

வளைகாப்புக்கு முன்பே ரத்தசோகையைச் சரிசெய்யுங்கள். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் ரத்தசோகை. 12 கிராம் உள்ளவள் தாங்குகிற இழப்பை 8 கிராம் உள்ளவள் தாங்க மாட்டாள். இரும்புச்சத்து மாத்திரையைக் காபியோடு விழுங்கினால் பாதி வீண். மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டால் ஊசி இருக்கிறது, நர்சம்மாவிடம் கேளுங்கள்.

ஏ.சி. அறை உண்டா என்று கேட்கும் முன் மருத்துவமனையில் வேறு சிலவற்றைக் கேளுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு டாக்டர் உள்ளே இருப்பாரா, வீட்டிலிருந்து வர வேண்டுமா? மயக்க மருந்து டாக்டர் எவ்வளவு நேரத்தில் வருவார்? ரத்தம் எங்கிருந்து வரும்? ஆக்சிடோசின் ஊசி ஃப்ரிட்ஜில்தான் இருக்கிறதா? 2 முதல் 8 டிகிரியில் வைக்காவிட்டால் அதன் வீரியம் போய்விடும். டிரானெக்ஸாமிக் அமிலம் கைவசம் உண்டா? உதிரப்போக்கு தொடங்கி மூன்று மணி நேரத்துக்குள் போட்டால் அது உயிர் காக்கிறது என்று 2017-இல் வெளியான, 20,000 பெண்களிடம் நடந்த ஆய்வு காட்டியது.

இன்னொன்றும் கேளுங்கள்: ரத்தத்தை அளப்பீர்களா? துணியையும் பஞ்சையும் பார்த்துக் கண்ணால் கணக்குப் போட்டால் பெரும்பாலும் குறைவாகத்தான் தெரியும். அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பு இருக்கிறது. அப்படி ஒன்றை நம் பக்கத்து பெலகாவியிலேயே உருவாக்கியிருக்கிறார்கள். அப்படி அளந்து, கண்டவுடன் எல்லாச் சிகிச்சையையும் ஒருசேரத் தொடங்கினால் கடுமையான உதிரப்போக்கும் அதன் பின்விளைவுகளும் 60 சதவீதம் குறைந்ததாக ஆப்பிரிக்க நாடுகள் நான்கில் நடந்த ஆய்வு 2023-இல் சொன்னது. இதைக் கேட்டால் சில இடங்களில் முறைப்பார்கள். முறைக்கட்டும்.

வழியை முன்பே பேசி வையுங்கள். அம்பத்தூர், பூந்தமல்லிக்காரர்கள் கீழ்ப்பாக்கம் அல்லது எழும்பூர் அரசு மருத்துவமனைக்குப் போகலாம். 1844 முதல் பிரசவம் பார்க்கிற மருத்துவமனை எழும்பூருடையது. பட்டாபிராம், திருநின்றவூரில் இருப்பவர்களுக்குக் காலை எட்டரை மணிக்கு நகருக்குள் போவதைவிடத் திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எளிதாக இருக்கலாம், நெரிசல் எதிர்ப்பக்கம்தானே. எங்கே அனுப்பினாலும், அனுப்புகிற டாக்டர் அங்கே போன் செய்துவிட்டாரா என்று கேட்டுவிட்டு வண்டி ஏறுங்கள்.

ரத்தம் கொடுக்கக்கூடிய நான்கு பேரின் எண்ணும் ரத்த வகையும் தாய் சேய் நல அட்டையோடு இருக்கட்டும்.

பிரசவமான முதல் இரண்டு மணி நேரம் அம்மாவோ மாமியாரோ குழந்தையைக் கொஞ்சலாம். ஒருவராவது பெற்றவளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முகம் வெளுப்பது, குளிர்ந்து வியர்ப்பது, தாகம், "என்னமோ பண்ணுது" என்ற புலம்பல்: இவை அசதி அல்ல. நாப்கின் பத்து நிமிடத்தில் நனைந்தால் மணி அடிக்காதீர்கள், கையைப் பிடித்து நர்ஸை இழுத்து வாருங்கள்.

செய்யக்கூடாதவை

"கெட்ட ரத்தம், போகட்டும்" என்று சொல்லாதீர்கள். எங்கள் வீட்டிலும் ஒரு பெரியம்மா சொன்னார். அன்பாகத்தான் சொன்னார். அதில் பத்து நிமிடம் போனது.

கையெழுத்துக்கு ஊரைக் கூட்டாதீர்கள். மருந்துக்கு ரத்தம் அடங்கவில்லை, கர்ப்பப்பைக்குள் பலூன் வைத்தும் நிற்கவில்லை, கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்று டாக்டர் வெளியே வந்து சொன்னால், அதை யோசித்து முடிவெடுக்க நேரம் இருக்காது. "இன்னொரு குழந்தை?" என்று மாமனார் கேட்பார், ஊரிலிருந்து சித்தப்பா வரட்டும் என்பார்கள். அந்தப் பேச்சை ஏழாம் மாதத்திலேயே கணவனும் மனைவியும் பேசி முடித்திருக்க வேண்டும். நாங்கள் பேசியிருக்கவில்லை. என் வீட்டுக்காரர் யாரையும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். எடுக்கத் தேவைப்படாமலே ரத்தம் நின்றது. அந்தக் கையெழுத்துக்காக அவர் கேட்ட பேச்சு தனிக்கதை.

கணவர் தன் ரத்தத்தையே மனைவிக்கு ஏற்றச் சொல்லி அடம்பிடிக்க வேண்டாம். அடுத்த கர்ப்பத்துக்குச் சிக்கல் வரக்கூடும் என்று டாக்டர்கள் அதைத் தவிர்ப்பார்கள். ரத்த வங்கிக்குக் கொடுங்கள், அங்கிருந்து வேறு ரத்தம் வரும்.

ஆட்டோவில் ஏற்றாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். தெருப் பெயரோடு கோயில், ரேஷன் கடை, பஸ் நிறுத்தம் என்று ஏதாவது ஓர் அடையாளம் சொல்லுங்கள்.

வீட்டிலேயே பெற்றுக்கொள்ள நினைக்காதீர்கள். 2018-இல் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டில் நடந்த பிரசவத்தில் குழந்தை பிழைத்தது, தாய் ரத்தம் போய் இறந்தார். 2024-இல் பூந்தமல்லிக்குப் பக்கத்துக் குன்றத்தூரில் ஒரு தம்பதி வாட்ஸ்அப் குழுவின் யோசனைப்படி வீட்டில் பெற்றுக்கொண்டது விசாரணை வரை போனது. தாயும் குழந்தையும் நலம் என்றார்கள், மகிழ்ச்சி. முதல் பிரசவம் சுலபமாக இருந்தது என்பது காரணமாகாது. என்னுடையதும் அப்படித்தான் இருந்தது.

இது உதிரப்போக்கு அல்ல என்றாலும் சொல்லிவிடுகிறேன்: கடைசி மாதங்களில் விடாத தலைவலி, பார்வை மங்கல், நெஞ்சுக்குழியில் வலி வந்தால் பித்தம் என்று கஷாயம் வைக்காதீர்கள். அது பிரஷராக இருக்கலாம். அடுத்து வலிப்பு வரலாம்.

வீடு திரும்பியபின் பால் சுரக்கவே இல்லையென்றால் பூண்டும் சுறாப்புட்டும் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். ரத்தம் அதிகம் போனவர்களுக்கு மூளையடிச் சுரப்பியான பிட்யூட்டரி பழுதாகியிருக்கலாம், டாக்டரிடம் சொல்லுங்கள்.

"உயிர் பிழைச்சியே, அதுவே போதும்" என்றும் சொல்லாதீர்கள். அவளுக்குத் தூக்கம் வருகிறதா என்று கேளுங்கள். எனக்கு ஆறு மாதம் சிவப்புச் சேலையைப் பார்த்தாலே கை நடுங்கியது, யாரிடமும் சொல்லவில்லை.

எனக்கு ஏறியது நான்கு பாட்டில். கொடுத்தவர்கள் யாரென்று தெரியாது. ஆரோக்கியமான ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். கொடுங்கள்.