பாயிண்ட் டூ டூ: எது எட்டும், எது எட்டாது

கல்லூரி நாளில் என்.சி.சி.யில் இருந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், முகாமில் ஐந்து ரவுண்டு சுட்ட கதை எப்படியும் வந்துவிடும். குப்புறப் படுத்து, 25 கெஜத்தில் இருந்த இலக்கைப் பார்த்து அவர்கள் சுட்டது அநேகமாக .22 ரைஃபிளாக இருக்கும். பயிற்சியில் அதற்குச் சொல்லித்தரும் பயன்தூரமே அந்த 25 கெஜம்தான்.

இந்தச் சின்னத் துப்பாக்கியைப் பற்றிய கதைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடக்கின்றன. ஒரு கட்சிக்கு அது விளையாட்டுச் சாமான். இன்னொரு கட்சி, அதை வைத்துக் கரடியையே சாய்த்திருக்கிறார்கள் என்று சத்தியம் செய்யும். குறிவைத்து அடிக்க முடிகிற தூரம் வேறு, குண்டு போய் ஆளைக் காயப்படுத்துகிற தூரம் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் இந்தக் கதைகளில் பாதி பிறக்கின்றன.

நம்பிக்கை: குழல் அளவு ஒன்றுதானே, பலமும் ஒன்றாகத்தான் இருக்கும்.

ராணுவத்தின் இன்சாஸ் துப்பாக்கி 5.56 மி.மீ. அங்குலக் கணக்கில் .22 என்பதும் ஏறக்குறைய 5.6 மி.மீ.தான். இரண்டு குண்டுகளையும் பக்கத்தில் வைத்தால் தடிமனில் பெரிய வித்தியாசம் தெரியாது. வித்தியாசம் எல்லாம் பின்னால் இருக்கும் பித்தளைக் கூட்டில் இருக்கிறது.

ராணுவத் தோட்டாவின் அடியில், நடு மையத்தில், தட்டினால் பற்றும் மருந்து தனிக் குப்பியாகப் பதிக்கப்பட்டிருக்கும்; இது சென்டர்ஃபயர். .22 தோட்டாவில் அந்தக் குப்பி கிடையாது. மருந்து, கூட்டின் அடிவிளிம்பு மடிப்புக்குள் சுற்றிலும் பூசப்பட்டிருக்கும். ஃபயரிங் பின் அந்த விளிம்பை நசுக்க வேண்டும். அதனால்தான் இதற்கு ரிம்ஃபயர் என்று பெயர். நசுங்க வேண்டுமானால் பித்தளை மெல்லியதாக இருந்தாக வேண்டும். மெல்லிய பித்தளை அதிக அழுத்தம் தாங்காது. ஆகவே இதன் உச்ச அழுத்தத்தைச் சதுர அங்குலத்துக்கு 24,000 பவுண்டு என்று வரையறுத்திருக்கிறார்கள். 5.56 வகைத் தோட்டாக்களில் அது 55,000 பவுண்டைத் தொடும்.

இனி கணக்குப் போட்டுப் பார்க்கலாம். .22 குண்டின் எடை 2.6 கிராம், வேகம் வினாடிக்குச் சுமார் 330 மீட்டர், ஆற்றல் 140 ஜூல். இன்சாஸ் குண்டு 4 கிராம், வேகம் சுமார் 900 மீட்டர், ஆற்றல் 1,600 ஜூல். பதினோரு மடங்குக்கு மேல்! 1887-இல் அமெரிக்காவின் ஸ்டீவன்ஸ் நிறுவனம் .22 லாங் ரைஃபிள் தோட்டாவைக் கொண்டுவந்தது முதல் இன்றுவரை இந்த விளிம்பு அமைப்பு மாறவில்லை. தோட்டாவின் மலிவும், தோளில் உதைக்காத மென்மையும், அதன் எல்லையும் எல்லாம் அந்த மெல்லிய விளிம்பிலிருந்து வந்தவை.

நம்பிக்கை: இது பொம்மைத் துப்பாக்கி, பட்டால் ஒன்றும் ஆகாது.

1968-இல் லாஸ் ஏஞ்சலிஸில் ராபர்ட் கென்னடி கொல்லப்பட்டது .22 ரிவால்வரால். 1981-இல் அதிபர் ரீகன் மேல் பாய்ந்ததும் .22 குண்டுதான், கார் மீது பட்டுத் தெறித்து உள்ளே போய், இதயத்துக்கு ஓர் அங்குலம் தள்ளி நின்றது. கைத்துப்பாக்கியின் குட்டைக் குழலில் இந்தக் குண்டுக்கு ரைஃபிளில் கிடைக்கும் வேகம்கூடக் கிடைக்காது. அப்படியும் இந்தக் கதி.

மேல்நோக்கிச் சுட்டால் இந்தக் குண்டு ஒன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பாலும் போய் விழும். கூடவே, மெதுவாகப் போகும் உருண்டை மூக்கு ஈயக் குண்டு தண்ணீரிலோ கல்லிலோ காய்ந்த கட்டாந்தரையிலோ சாய்வாகப் பட்டால் தெறித்து வேறு பக்கம் கிளம்பிவிடும். ஃபயரிங் ரேஞ்சில் இலக்குக்குப் பின்னால் அவ்வளவு உயரமான மண்மேடு போட்டிருப்பது எதற்கு என்று வியந்தவர்களுக்குப் பதில் இதுதான்.

நம்பிக்கை: உடம்புக்குள் போனால் கேரம் காய் மாதிரி மோதி மோதிச் சுற்றும்.

சினிமா வசனம். எலும்பில் பட்டால் குண்டு திசை திரும்பலாம், நசுங்கலாம். அங்குமிங்கும் மோதித் திரிய அதனிடம் தெம்பு மிஞ்சியிருக்காது.

நம்பிக்கை: கரடியையே கொன்றிருக்கிறார்கள், அப்புறம் என்ன?

கொன்றது உண்மை. 1953-இல் கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், ஸ்லேவ் லேக் அருகே, பெல்லா ட்வின் என்ற கிரீ பழங்குடிப் பெண் ஒரு கிரிஸ்லி கரடியை வீழ்த்தினார். கையில் இருந்தது ஒற்றைத் தோட்டா போடும் பழைய .22. அந்தக் கரடியின் மண்டையோடு அளவில் அன்றைய உலக சாதனை. கதையைச் சொல்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். அவர் காட்டிலேயே பொறி வைத்து, வேட்டையாடிப் பிழைத்தவர் என்பதையும், கரடி மிக அருகில் வரும்வரை காத்திருந்து தலையின் பக்கவாட்டில் சுட்டார் என்பதையும், அது விழுந்த பிறகும் மறுபடி மறுபடி தோட்டா போட்டுச் சுட்டுக்கொண்டே இருந்தார் என்பதையும் விட்டுவிடுவார்கள். தன் துப்பாக்கி எவ்வளவு பலவீனமானது என்று தெரிந்த ஒருவர் செய்த வேலை அது. அதைத் துப்பாக்கியின் பெருமையாக மாற்றிவிட்டோம்.

அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இதை வைத்துச் செய்யும் வேலை முயல், அணில் அளவோடு நிற்கிறது. அதுவும் 50, 60 மீட்டருக்குள். 50 மீட்டருக்குப் பார்வைக் குறியைச் சரிசெய்து வைத்த ரைஃபிளில், 100 மீட்டரில் குண்டு ஏறக்குறைய ஒரு சாண் இறங்கிவிடும். இங்கிலாந்தில் மானை ரிம்ஃபயரால் சுடுவது சட்டவிரோதம். காயம்பட்ட மான் ஓடிப்போய் எங்கோ கிடந்து சாகும் என்பதால். நம் நாட்டிலோ 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று வேட்டைக்குத் தடை. இங்கே இந்த ரைஃபிளுக்கு வேலை பயிற்சியும் போட்டியும்தான்.

நம்பிக்கை: வேகம் கூடினால் குறி கூடும்.

எனக்கு இதில் பிடித்த இடம் இது. பாரிஸ் ஒலிம்பிக்கில் 2024-இல் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டி இதே .22 தோட்டாவில்தான் நடக்கிறது. இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மி.மீ. நம் சட்டைப் பொத்தான் அதைவிடப் பெரியதாக இருக்கலாம். அதை மண்டியிட்டு, படுத்து, நின்று மூன்று விதமாகவும் அடிக்க வேண்டும்.

அந்த வீரர்கள் வேண்டுமென்றே மெதுவான தோட்டாவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். காற்றில் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர். வெயிலில் இன்னும் கொஞ்சம் கூடும். கடையில் ‘ஹை வெலாசிட்டி’ என்று விற்கும் தோட்டா 380 மீட்டரில் கிளம்பி, போகிற வழியில் ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்கும். அந்த இறக்கத்தில் குண்டு அலைக்கழியும், காற்றுத் தடையும் அதிகம். அதனால் பக்கக் காற்று, வேகமான .22 குண்டைத்தான் மெதுவானதைவிட அதிகம் தள்ளும். போட்டித் தோட்டா தொடக்கத்திலேயே ஒலிக்குக் கீழே, 320–330 மீட்டரில் கிளம்புகிறது. அந்தக் குழப்பத்துக்குள் அது போவதே இல்லை.

இன்னொன்று: ஒரே கம்பெனி, ஒரே ரகம், பெட்டியில் அச்சிட்ட லாட் எண் மட்டும் வேறு என்றாலும், ஒரு குழலில் ஒரு லாட் நெருக்கமாக விழும், அடுத்த லாட் சிதறும். பெரிய வீரர்கள் தங்கள் ரைஃபிளைத் தோட்டா ஆலைக்கே எடுத்துப்போய், பிடியில் இறுக்கிப் பல லாட்டுகளைச் சுட்டுப் பார்த்து, பொருந்தியதை மொத்தமாக வாங்கிவிடுவார்கள். விலை உயர்ந்த ரைஃபிள் ஒன்றே போதும் என்று நினைக்கிற பெற்றோர்கள் இதைக் கவனிக்கலாம்.

நம்பிக்கை: சின்னதுதானே, லைசென்ஸ் வேண்டாம்.

வேண்டும். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கண்ணில் .22 ரிம்ஃபயரும் துப்பாக்கிதான். மெரினாவில் பலூன் சுடுவது காற்றழுத்தத்தில் இயங்கும் ஏர்கன், வெடிமருந்தே இல்லாதது. 0.177 அங்குலத்துக்கும் 20 ஜூலுக்கும் உட்பட்ட ஏர்கன்களுக்கு உள்ள விலக்கை .22-க்கும் நீட்டிக்கொண்டு வம்பில் மாட்டாதீர்கள்.

நம்பிக்கை: ‘டப்’ என்றுதானே கேட்கிறது, வெடிக்கவில்லை என்றால் உடனே போல்ட்டை இழுத்துவிடலாம்.

சத்தம் 140 டெசிபெலை ஒட்டி இருக்கும், காதடைப்பான் இல்லாமல் சுடக்கூடாது. விளிம்பில் மருந்து சீராகப் பரவாத தோட்டா, சென்டர்ஃபயரைவிட அடிக்கடி வெடிக்காமல் போகும்; சில நேரம் தாமதித்தும் வெடிக்கும். குழலை இலக்குப் பக்கமே வைத்து அரை நிமிடமாவது பொறுத்து, பிறகு திறக்க வேண்டும். குண்டும் ஈயம், பற்றும் மருந்திலும் பெரும்பாலும் ஈயச் சேர்மம். அந்த ஈயம் வயிற்றுக்குள் போகாதிருக்க, காலி கேஸ்களை எண்ணி ஒப்படைத்த கையோடு கேடட்டுகளைச் சாப்பாட்டு வரிசைக்கு அனுப்பாமல், முதலில் குழாயடிக்கு அனுப்பிச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்ல வேண்டும்.