பொன்முள் பீப்பாய்க்கள்ளி

சங்கப் பாடல்களின் பாலை நிலத்தில் நாம் காணும் கள்ளி, ஒடித்தால் பால் வடியும் இனத்தைச் சேர்ந்தது. அமெரிக்கக் கண்டங்களைத் தாயகமாகக் கொண்ட ‘காக்டஸ்’ வேறொரு குடும்பம்; அதன் பெரும்பாலான இனங்களில் பால் வடிவதில்லை. வறட்சியை எதிர்கொண்டதால் இரண்டும் தோற்றத்தில் ஒத்தன. தமிழில் பெயரும் ஒன்றாயிற்று.

மெக்சிகோவின் நடுப்பகுதியில், கெரெத்தாரோ, இடால்கோ மாநிலங்களின் எல்லையை ஒட்டி மொக்தெசுமா ஆறு ஆழமான பள்ளத்தாக்குகளை அறுத்துச் செல்கிறது. மழை குறைந்த அந்த அரைப்பாலையின் செங்குத்தான பாறைச் சரிவுகளே பொன்முள் பீப்பாய்க்கள்ளியின் பிறப்பிடம். பாறை இடுக்கில் தங்கிய சிறிதளவு மண்ணே அது வேரூன்றப் போதுமானது.

உருண்டை வடிவம் அதன் முதற்காப்பு. கொள்ளும் நீர் மிகுதி, வெயில் படும் மேற்பரப்போ குறைவு. உடலெங்கும் ஓடும் மடிப்புகள் மழை பெய்ததும் துருத்தியைப் போல விரிகின்றன. நீர் குறையக் குறையச் சுருங்குகின்றன. இலைகளே மஞ்சள் முட்களாகத் திரிந்து உடலுக்கு நிழல் தருகின்றன. (இந்த முட்களைக் கண்டு ஜெர்மானியர் இதற்கு ‘மாமியார் இருக்கை’ என வேடிக்கையாகப் பெயரிட்டனர்!) இதனினும் வியப்புக்குரியது அது மூச்சுவிடும் முறை. பகலில் தன் நுண்துளைகளை மூடிக்கொள்ளும் இச்செடி, குளிர்ந்த இரவில் அவற்றைத் திறந்து கரியமில வாயுவை ஈர்த்து, மாலிக் அமிலமாகச் சேமிக்கிறது. மறுநாள் கதிரொளியில் அதனைக் கொண்டே உணவு சமைக்கிறது. வளர்ச்சியோ மிக மெதுவானது. பூப்பதற்கே பல ஆண்டுகள் ஆகும்.

நீரின்மையை வென்ற இச்செடியின் வாழிடத்தைப் பறித்தது நீர்தான். 1990களில் மொக்தெசுமா ஆற்றில் மின்னாக்கத்திற்காக சிமாபான் அணை எழுந்தது. தேங்கிய நீர் பள்ளத்தாக்கின் சரிவுகளை மூழ்கடித்தது. சில செடிகள் மட்டும் முன்னரே பெயர்த்தெடுத்துக் காக்கப்பட்டன. எஞ்சியவற்றையும் விற்பனைக்காகத் திருடுவோர் விட்டுவைக்கவில்லை. உலகெங்கும் நாற்றங்கால்களில் விதையிலிருந்து எண்ணற்ற செடிகள் வளர்க்கப்படுகின்றன. பூங்காக்களில் இதனைக் காண்பது எளிது. எனினும் காட்டில் அது அருகிய இனம். தொட்டியில் வளரும் செடியைக் காட்டி, இனம் பிழைத்துவிட்டது என நாம் அமைதி கொள்ள இயலாது. அந்தச் சரிவும் அங்குள்ள பூச்சிகளும் தொட்டிக்குள் வருவதில்லை.

பின்னாளில், நெடுந்தொலைவிலுள்ள சகாடெகாஸ் மாநிலத்தில் இக்கள்ளியின் தனித்த கூட்டமொன்று கண்டறியப்பட்டது. அங்கும் அது பாறைச் சரிவிலேயே நின்றிருந்தது.