ஔடத தானம்: இன்று செய்யும் முறை

இல்லறத்தார்க்குரிய தானங்கள் ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் என நான்காகும். ஔடத தானம் என்றவுடன் மருந்து வாங்கிக் கொடுத்தலையே நாம் எண்ணுகிறோம். புற்றுநோயுற்ற ஏழைக் குழந்தைக்கு அஃது ஒன்றே போதுமா என்பதை ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியைக் கொண்டு ஆராய்வோம்.

குழந்தைகளுக்கு மிகுதியாக வருவது இரத்தப் புற்றுநோய். முறையான சிகிச்சையால் பெரும்பாலும் குணமாகக்கூடியது. ஆயினும் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, புற்றுநோயுற்ற குழந்தைகளுள் செல்வ நாடுகளில் நூற்றுக்கு 80-க்கு மேற்பட்டோர் பிழைக்க, ஏழை நாடுகள் பலவற்றில் 30-க்கும் குறைவானோரே பிழைக்கின்றனர். நோயைக் காலந்தாழ்த்தி அறிதலும், சிகிச்சையைப் பாதியில் விடுதலும் இதற்கு முக்கிய காரணங்கள். இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சை பெரும்பாலும் 2 முதல் 3 ஆண்டுகள் நீளும். சில வாரங்களிலேயே குழந்தை தேறியதுபோல் தோன்றும்; அப்போது நிறுத்தினால் நோய் மீளும்.

பெற்றோர் ஏன் நிறுத்துகின்றனர்? ஓசூரிலிருந்து பெங்களூர் கித்வாய் புற்றுநோய் நிறுவனம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். 1954-இல் தோன்றிய சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் ஏறத்தாழ 300 கிலோமீட்டர். எங்குச் சென்றாலும் தாயோ தந்தையோ வேலையை விட்டு உடனிருத்தல் வேண்டும். கூலி நிற்கும், பயணம், உணவு, தங்கும் செலவு ஏறும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்டோர்க்கு உரியது. மாதம் 12,000 ரூபாய் பெறும் ஆலைத் தொழிலாளியின் ஆண்டு வருமானமோ 1,44,000 ஆகிவிடும். அவர்க்குரிய வழி இ.எஸ்.ஐ.; அதன் ஊதிய வரம்பு 2017 சனவரியில் 21,000 ரூபாயாக உயர்த்தப்பெற்றது. ஒப்பந்தத் தொழிலாளியாயினும் தம் பெயரும் குழந்தையின் பெயரும் பதிவாகியுள்ளனவா எனப் பார்த்துக்கொள்ளல் வேண்டும். காப்பீட்டு அட்டை கர்நாடக மருத்துவமனையில் செல்லுமா என்பதையும் சேர்க்கும் முன்னரே கேட்டறிதல் நலம்.

ஆதலின் இக்குழந்தையிடத்து நான்கு தானங்களும் ஒன்றுகூடுகின்றன. விண்ணப்பம் நிரப்பி வழிகாட்டுதல் சாத்திர தானம். மருத்துவமனைக்கு அருகே தங்க இடந்தருதல் அபய தானம். அப்போதே சமைத்த தூய உணவும் காய்ச்சிய நீரும் தருதல் ஆகார தானம். காப்பீட்டில் அடங்காத மருந்து, பரிசோதனைகளின் செலவை ஏற்றல் ஔடத தானம்.

ஒருமுறை பெருந்தொகை தந்து மறப்பதினும், பத்துக் குடும்பங்கள் கூடி மாதம் 300 ரூபாய் வீதம் மூன்றாண்டுகள் தருதல் மேலாம். மாதந்தோறும் சேரும் அம்மூவாயிரம் ரூபாய், சிகிச்சை இடையில் அறாமல் காக்க உதவும். நம் ஊர்தோறும் இத்தகைய குழுவொன்றை அமைக்க முயல்வோமாக.