படுத்திருப்பவர் பார்க்கும் சுவர்

அன்புள்ள பாப்பா,

புதுக்கோட்டையில் எழும்பும் புது மருத்துவமனைக்கு ஓவியம் தேர்ந்தெடுக்கும் வேலை உன் கைக்கு வந்ததில் எனக்குப் பெரிய சந்தோஷம். நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். எல்லாம் நல்ல படங்கள்தான். ஆனால் பாதிக்குமேல் கண்காட்சியில் நின்று, தள்ளிப்போய், தலையைச் சாய்த்து ரசிக்கிறவர்களுக்கானவை. உன் சுவரைப் பார்க்கப்போகிறவர் வலியோடு படுத்திருப்பார்.

ரோஜர் அல்ரிச் என்ற அமெரிக்க ஆய்வாளர், பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவைசிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளை ஒப்பிட்டார். பாதிப் பேருக்கு ஜன்னலில் மரங்கள் தெரிந்தன, பாதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரம் பார்த்தவர்கள் ஏறக்குறைய முக்கால் நாள் முன்னதாகவே வீடு திரும்பினார்கள். கடுமையான வலிமருந்தும் அவர்களுக்குக் குறைவாகத்தான் தேவைப்பட்டது. இது 1984இல் வெளியானது.

உனக்கு அதைவிட முக்கியமானது ஸ்வீடனில் உப்சாலா மருத்துவமனையில் நடந்தது. இதய அறுவைசிகிச்சை முடிந்த 160 பேரில் சிலருக்கு மரமும் தண்ணீரும் உள்ள படம், சிலருக்கு நேர்கோடுகளால் ஆன அரூபப் படம், சிலருக்கு வெறும் சுவர். தண்ணீர்ப் படம் பதற்றத்தைத் தணித்தது. அரூபமோ வெறும் சுவரைவிடப் பதற்றத்தைக் கூட்டிவிட்டது! அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஆகவே உன் பட்டியலில் இருக்கும் அந்த நீலச் சதுரங்கள் படத்தை நிர்வாகியின் அறைக்குத் தள்ளிவிடு. பட்டமரம், அந்திக் கருக்கல், தனியாக உட்கார்ந்திருக்கும் காகம் மூன்றும் வேண்டாம். நம்மவர்கள் அவற்றில் என்ன படிப்பார்கள் என்பது உனக்கே தெரியும்.

இயற்கை என்றதும் பனிமலையையும் சுவிட்சர்லாந்துப் புல்வெளியையும் மாட்டிவிடுகிறார்கள், நாட்காட்டி மாதிரி. ஆலங்குடிப் பக்கத்துப் பாட்டிக்கு அதில் என்ன இருக்கிறது? வடகாட்டுப் பலாத்தோப்பை வை. அடிமரத்திலேயே காய் தொங்குகிறதைப் பார்த்தால், 'இது இன்னும் முத்தலையே' என்று பக்கத்துக் கட்டிலோடு பேச்சு ஆரம்பிக்கும். நீர் தளும்பும் கண்மாய், கரையில் கொக்கு, மேயும் ஆடு, இவையெல்லாம் போதும்.

சித்தன்னவாசல் பக்கத்திலேயே இருக்கிறது, போய்ப் பார்த்துவிட்டு வா. அறிவர் கோயிலில் 9ஆம் நூற்றாண்டு ஓவியர்கள் தாமரைக்குளத்தைத் தீட்டியிருப்பது கூரையில். மீன், அன்னம், யானை, எருமை, பூப்பறிக்கிறவர்கள் என்று குளம் முழுக்க உயிர். இன்று நிறைய மங்கிவிட்டது. ஆனாலும் அண்ணாந்து பார்த்தால் உனக்கு யோசனை பிறக்கும். ஸ்ட்ரெச்சரில் போகிறவருக்குத் தெரிவது கூரையும் டியூப்லைட்டும்தானே? அறுவை அரங்குக்குப் போகும் வழியின் கூரையில் ஒரு தாமரைக்குளம் வரட்டும். கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியில் விசாரித்தால் வரையத் தகுந்த கைகள் கிடைக்கும். கூலியில் பேரம் பேசாதே.

சட்டகத்துக்குக் கண்ணாடி போடாதே. விளக்கொளி பட்டுப் படமே தெரியாது, மனநலப் பிரிவில் ஆபத்தும்கூட. கிருமிநாசினி போட்டுத் துடைத்தாலும் சாயம் போகாத பூச்சு வேண்டும். மாட்டும் உயரத்தைத் தரையிலிருந்து அளக்காதே. கட்டிலில் தலையணை வைத்துப் படுத்துக்கொண்டு, ஆளை விட்டு ஏற்றி இறக்கச் சொல்லிக் குறித்துக்கொள்.

அன்புடன்,
உன் மாமா