மலை ஏறும் காலுக்கு எந்தச் செருப்பு?



நம்ம காஞ்சிபுரம் தட்டையான ஊர். பாலாற்றங்கரையில் நின்று பார்த்தாலும் பக்கத்தில் சொல்லிக்கொள்ள மலை கிடையாது. ஆனால் நம் உறுப்பினர்கள் வருஷத்துக்கு ஒரு மலையாவது ஏறாமல் இருப்பதில்லை. நாலைந்து குழுக்கள் சேர்ந்து வேன் பிடித்து சோளிங்கர், திருப்பதி, பர்வதமலை என்று கிளம்பிவிடுகிறோம். பிள்ளைகளோடு செஞ்சிக் கோட்டை ஏறிவிட்டு வருகிறவர்களும் உண்டு. 2024 அக்டோபரில் தமிழ்நாடு வனத்துறை 14 மாவட்டங்களில் 40 மலைப் பாதைகளைப் பொதுமக்களுக்குத் திறந்து, முன்பதிவு முறையைக் கொண்டுவந்தது. அதிலிருந்து, கல்லூரிக்குப் போகும் மகள்கள் “அம்மா, நீயும் வாயேன்” என்று கூப்பிடுவதையும் கேட்கிறோம்.

கிளம்புவதற்கு முன் என்னென்ன எடுத்துப் போவீர்கள் என்று குழுக் கூட்டங்களில் கேட்டோம். புளியோதரை, தண்ணீர், டார்ச் லைட், முழங்கால் வலித் தைலம், மாத்திரை என்று பட்டியல் நீண்டது. காலில் என்ன போடுவீர்கள் என்று கேட்டால் மட்டும் சிரிப்பு. “எனக்கு எதுக்கும்மா ஷூவெல்லாம்? புடவைக்கு ஷூ போட்டா ஊரே சிரிக்கும்” என்றார் ஒரு அக்கா. மூன்று மணி நேரம் பாறையில் நடக்கப்போவது அந்த அக்காவின் கால்தான், சிரிக்கிறவர்களின் கால் இல்லை. ஆகவே இந்த மாதப் பாடத்துக்குக் காலணியை எடுத்துக்கொண்டோம்.

எல்லா மலையும் ஒன்றல்ல

முதலில் எந்த மலைக்குப் போகிறோம் என்று பார்க்க வேண்டும். சோளிங்கர் பெரிய மலைக்கு 1305 படிகள். (2024 மார்ச்சிலிருந்து ரோப் கார் வசதியும் இருக்கிறது. முடியாதவர்கள் தயங்காமல் அதில் போகலாம்.) திருமலைக்கு அலிபிரி வழியாகப் போனால் 3550 படிகள். எண்ணிக்கை அதிகமானாலும் இவை கட்டிய படிகள், கால் வைக்கிற இடம் சமமாக இருக்கும். இதற்கு விலை உயர்ந்த ஷூ தேவையே இல்லை. குதிகாலைப் பிடித்துக்கொள்ளும் பின்பட்டையும் ரப்பர் அடியும் உள்ள சாண்டல் போதும்.

பர்வதமலை வேறு மாதிரி. திருவண்ணாமலை மாவட்டத்தில் 4560 அடி உயரமுள்ள மலை. தென்மகாதேவமங்கலம் பக்கமாகவும் ஏறலாம், கடலாடி பக்கமாகவும் ஏறலாம். படிகள் கொஞ்ச தூரம்தான். பிறகு காட்டுப் பாதை, உருளும் கற்கள், கடைசியில் செங்குத்தான பாறை. அங்கே சங்கிலியையும், பாறையில் அடித்து இறக்கிய கடப்பாறைகளையும் பிடித்துத்தான் ஏற வேண்டும். இங்கே ஹவாய் செருப்போடு போவது ஆபத்து. வார் பிய்த்துக்கொண்டால் பாதி மலையில் நிற்போம். அதுகூடப் பரவாயில்லை, இறங்கும்போது பாதம் செருப்பை விட்டு முன்னால் வழுக்கும். அதுதான் ஆளைத் தள்ளிவிடும்.

நம்ம கால் எப்படிப்பட்ட கால்?

செருப்புக் கடையில் அழகாக அடுக்கி வைத்திருக்கிற பெண்கள் ஷூவில் பலவும் முன்பக்கம் குறுகலானவை. நம் உறுப்பினர்களின் கால் அப்படி இல்லை. சின்ன வயசிலிருந்து தறிக்குழியில் வெறுங்காலோடு மிதி மிதித்தவர்கள், நாற்று நட்டவர்கள், வீட்டுக்குள் எப்போதும் செருப்பில்லாமல் நடக்கிறவர்கள். விரல்கள் விரிந்து, முன்பாதம் அகலமாக இருக்கும். இது குறை இல்லை. பாறையில் விரல் விரிந்து பதிந்தால்தான் நிலையாக நிற்க முடியும். அந்தக் காலைக் குறுகலான ஷூவுக்குள் திணிப்பதுதான் தவறு.

சென்னை அடையாறில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை அளந்தது. வெள்ளைக்காரர்கள் பாதத்தைவிட நம் நாட்டவர் பாதம் பொதுவாக அகலம் என்று அதில் தெரியவந்தது. கடையில் நாம் கேட்கும் 5, 6, 7 எல்லாம் இங்கிலாந்து அளவு முறை. ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் நீளத்தில் ஒரு அங்குலத்தின் மூன்றில் ஒரு பங்கு வித்தியாசம். அகலத்தைப் பற்றி அந்த நம்பர் ஒன்றும் சொல்லாது. அகலம் போதவில்லை என்று பலர் நீளத்தைக் கூட்டி வாங்குகிறார்கள். அப்போது குதிகால் உள்ளே மேலும் கீழுமாக ஆடி, தோல் உரிந்துவிடும். அதைவிட, ஆண்கள் பக்கம் போய் அதே நீளத்தில் ஒரு ஷூ போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் முன்பக்கம் தாராளமாக இருக்கும். கடைக்காரர் “அது ஜென்ட்ஸ்மா” என்பார். என்பார், அவ்வளவுதான்!

மெட்டியையும் மறந்துவிடக் கூடாது. இரண்டாவது விரலில் தடித்த மெட்டி இருந்தால், இறுக்கமான ஷூவுக்குள் அது பக்கத்து விரலை அறுத்துக்கொண்டே வரும். கழற்ற மனசில்லாதவர்கள் அன்றைக்கு மெல்லிய வளைய மெட்டி போட்டு, அதன்மேல் துணி பிளாஸ்திரியை ஒரு சுற்று சுற்றிக்கொள்ளலாம். கொலுசு ஷூவின் மேல்விளிம்பில் உரசும். அதை வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுவது நல்லது.

அளவெடுப்பதும் வாங்குவதும்

சாயங்காலம் அளவெடுங்கள். நாளெல்லாம் நின்று வேலை செய்த பிறகு கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், மலையிலும் அப்படித்தான் வீங்கும். ஒரு தாளைத் தரையில் வைத்து, அதன்மேல் முழு எடையோடு நின்று, இன்னொருவரைப் பென்சிலால் சுற்றி வரையச் சொல்லுங்கள். உட்கார்ந்துகொண்டு வரைந்தால் அளவு குறையும். இரண்டு காலையும் வரைய வேண்டும். பலருக்கு ஒன்று பெரிதாக இருக்கும், பெரிய காலுக்குத்தான் ஷூ வாங்க வேண்டும். அந்தத் தாளை வெட்டிக் கடைக்கு எடுத்துப்போய் ஷூவின் அடியில் வைத்துப் பாருங்கள். தாள் ஷூவைத் தாண்டி வெளியே நீட்டினால் அந்த ஷூ நமக்கில்லை.

மலைக்குப் போடப்போகிற சாக்ஸோடுதான் போட்டுப் பார்க்க வேண்டும். இங்கே ஒரு விஷயம். வீட்டுக்குப் பருத்தி நல்லது, நாமும் அதைத்தான் சொல்வோம். ஆனால் மலைக்கு முழுப் பருத்தி சாக்ஸ் வேண்டாம். வியர்வையைக் குடித்து ஈரமாகவே இருக்கும், ஈரத் தோல் உரசினால் கொப்புளம். நைலான் அல்லது பாலியஸ்டர் கலந்த, கொஞ்சம் தடித்த விளையாட்டுச் சாக்ஸ் இரண்டு ஜோடி இருந்தால் நடுவில் மாற்றிக்கொள்ளலாம்.

ஷூவைப் போட்டதும் சமதரையில் நாலு அடி நடந்து “சரியா இருக்குங்க” என்று காசு கொடுத்துவிடுகிறோம். மலை ஏறும்போது மூச்சு வாங்கும். கால் படுகிற பாடெல்லாம் இறங்கும்போதுதான். முழு எடையும் முன்னால் சரிந்து, கட்டைவிரல் ஷூவின் மூக்கில் போய் இடிக்கும். ஆயிரம் தடவை இடித்தால் நகம் கறுத்துவிடும், சிலருக்கு விழுந்தும் போகும். ஆகவே கடையில் மாடிப்படி இருந்தால் இறங்கிப் பாருங்கள். இல்லாவிட்டால் நுனிக்காலைத் தரையில் நாலைந்து தடவை தட்டுங்கள். விரல் முன்னால் இடிக்கக் கூடாது. நின்ற நிலையில் நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். குதிகால் மேலே எழும்பக் கூடாது. இது இரண்டும் சரியாக இருந்தால் நிறமோ கம்பெனிப் பெயரோ எதுவாக இருந்தாலும் வாங்கலாம்.

அடிப்பாகம்

இத்தாலியில் 1935-ல் மலையேறப் போன ஆறு பேர் பனியில் மாட்டிக்கொண்டு இறந்தார்கள். அந்தக் காலத்தில் மலை பூட்ஸுக்குத் தோல் அடிதான், அதில் ஆணி அடித்திருப்பார்கள். அவர்கள் போட்டிருந்த காலணி அந்தக் குளிருக்கும் பாறைக்கும் ஏற்றதாக இல்லை. அவர்களின் நண்பர் விட்டாலே பிராமணி என்பவர் இதை மனசில் வைத்துக்கொண்டு, டயரைப் போல ஆழமான பற்கள் வைத்த ரப்பர் அடியை உருவாக்கி 1937-ல் காப்புரிமை பெற்றார். இன்றைக்கு உலகம் முழுக்க மலை ஷூவுக்கு இருக்கிற பல் வைத்த அடிக்கு இதுதான் முன்மாதிரி.

நாம் வாங்கும்போது ஷூவைத் திருப்பிப் பாருங்கள். வழவழப்பான பி.வி.சி. அடி ஈரப் பாறையில் சறுக்கும். வெறும் நுரை மாதிரி லேசாக இருக்கிற அடி நடக்க மெத்தென்று இருந்தாலும், கூர்மையான கல்லில் சீக்கிரம் தேய்ந்துவிடும். மேலே நுரை, தரையைத் தொடும் இடத்தில் பல் வைத்த ரப்பர், இப்படி இருந்தால் நல்லது. பிறகு மூக்கையும் குதிகாலையும் பிடித்து வளைத்துப் பாருங்கள். விரல் மடிகிற இடத்தில்தான் வளைய வேண்டும். நடுவில் அட்டை போல மடிந்தால் வைத்துவிட்டு வாருங்கள். பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக் கேன்வாஸ் ஷூவை வேண்டாம் என்பதும் இதனால்தான், அடி மெலிது, ஒவ்வொரு கல்லும் உள்ளங்காலில் குத்தும். கணுக்காலை மூடுகிற உயர்ந்த பூட்ஸும், தண்ணீர் புகாத வகையும் விலை அதிகம். ஒரு நாள் பயணத்துக்கு, முதுகில் பெரிய சுமை இல்லாதபோது, அவை அவசியமில்லை. நம்ம ஊர் வெயிலில் தண்ணீர் புகாத ஷூ வியர்வையையும் வெளியே விடாது.

செய்யாறு சிப்காட்டில் ஷூ கம்பெனி வேலைக்கு நம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பெண்கள் தினமும் போய் வருகிறார்கள். பசை ஒட்டியது சரியா, தையல் நேராக இருக்கிறதா என்று பார்த்ததும் சொல்லிவிடுவார்கள். உங்கள் குழுவில் அப்படி ஒருவர் இருந்தால் கடைக்குக் கூட்டிப்போங்கள். ஆம்பூர்ப் பக்கம் போகும்போது நெடுஞ்சாலைக் கடைகளில் மலிவாக வாங்குகிறவர்களுக்கும் இதையே சொல்கிறோம். அடியும் மேல்பாகமும் சேரும் இடத்தில் நகத்தை விட்டுப் பாருங்கள், நகம் உள்ளே போனால் பசை விட்டிருக்கிறது. புது ஷூவாகவே இருந்தாலும், செருப்பு தைக்கும் தொழிலாளியிடம் கொடுத்து அடியைச் சுற்றி ஒரு தையல் போட்டுக்கொண்டால் இன்னும் சில வருஷம் உழைக்கும்.

சர்க்கரை உள்ளவர்களும் வெறுங்கால் வேண்டுதலும்

வேண்டுதலுக்காக வெறுங்காலோடு ஏறுகிறவர்கள் நம்மில் நிறைய. அதை விடச் சொல்ல நாங்கள் வரவில்லை. ஏறும்போது வேண்டுதலை முடித்துவிட்டு, இறங்குவதற்கு ஷூவை ஒரு மஞ்சப்பையில் கொண்டுபோகலாம். வெயில் ஏறுவதற்குள் கிளம்பினால் பாறை சுடாது. வெறும் சாக்ஸோடு மட்டும் பாறையில் ஏற வேண்டாம், வழுக்கும்.

ஆனால் சர்க்கரை நோய் உள்ளவர்களிடம் கறாராகவே சொல்கிறோம். பல வருஷம் சர்க்கரை இருந்தால் பாதத்து நரம்பு மரத்துப்போகலாம். முள் குத்தினாலும் தெரியாது, பாறை சுட்டாலும் தெரியாது. ஷூ கடிப்பதும் தெரியாது. வீட்டுக்கு வந்து சாக்ஸைக் கழற்றும்போது ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரியும். வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் 1940-களின் கடைசியிலிருந்து தொழுநோயாளிகளிடம் கண்டது இதைத்தான். வலி தெரியாத கால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளாது. மருந்தோடு, நல்ல காலணியும் தினமும் பாதத்தைப் பார்க்கும் பழக்கமும் அந்தக் காலைக் காப்பாற்றும். மைக்ரோ செல்லுலர் ரப்பர் வைத்த எம்.சி.ஆர். செருப்பு அந்தச் சிகிச்சையோடுதான் நம் பக்கத்தில் பரவியது. அது வீட்டிலும் தெருவிலும் போட மிக நல்லது. மலைக்கு ஏற்றதல்ல.

உங்கள் கால் மரத்திருக்கிறதா என்று குழுக் கூட்டத்திலேயே பார்க்கலாம். இங்கிலாந்தில் இப்ஸ்விச் என்ற ஊர் மருத்துவர்கள் சொன்ன எளிய முறை. ஒருவர் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். மற்றவர் ஆள்காட்டி விரலால் அவருடைய கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை, இரண்டு காலிலும், ஒவ்வொன்றாக மெதுவாகத் தொட வேண்டும். அழுத்தவோ தடவவோ தட்டவோ கூடாது, ஒன்றிரண்டு விநாடி தொட்டால் போதும். தொட்டது தெரிந்ததும் “தெரியுது” என்று சொல்ல வேண்டும். ஆறு தொடுதலில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால், மலையைத் தள்ளிவைத்துவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாதத்தைக் காட்டுங்கள். வெறுங்கால் வேண்டுதல் இருந்தால் வேறு விதமாக நிறைவேற்றிக்கொள்ளலாம். சாமி கோபித்துக்கொள்ளாது.

கிளம்புவதற்கு முன்

புது ஷூவை முதல் தடவையாக மலையில் போடக் கூடாது. இரண்டு வாரம் முன்னால் வாங்கி, கடைக்குப் போக, வங்கிக்குப் போக, குழுக் கூட்டத்துக்கு வரப் போட்டு நடங்கள். எங்கே உரசுகிறது என்று அப்போது தெரிந்துவிடும், அந்த இடத்தில் பயணத்தன்று முதலிலேயே பிளாஸ்திரி ஒட்டிக்கொள்ளலாம். நகத்தை இரண்டு நாள் முன்பே நேராக வெட்டிவிடுங்கள். பித்தவெடிப்பு ஆழமாக இருந்தால் ஆறிய பிறகு போகலாம். ஏறும்போது கயிறு கொஞ்சம் தளர்வாக இருக்கலாம். உச்சியிலிருந்து இறங்கக் கிளம்பும்போது உட்கார்ந்து, குதிகாலைப் பின்னால் தள்ளி, கணுக்காலுக்குப் பக்கத்தில் கயிற்றை இழுத்துக் கட்டுங்கள். அப்போதுதான் பாதம் முன்னால் ஓடாது. வழியில் கொப்புளம் வந்தால் உடைக்காமல் மூடி ஒட்டுங்கள்.

திரும்பி வந்ததும் ஷூவைத் தண்ணீரில் ஊறப்போட வேண்டாம், பசை விட்டுவிடும். ஈரத் துணியால் துடைத்து, உள்ளே பழைய செய்தித்தாளைச் சுருட்டி வைத்து நிழலில் காயவையுங்கள். மொட்டை மாடி வெயிலில் போட்டாலும் பசை விடும். அடுத்த பயணம் இரண்டு மூன்று வருஷம் கழித்து என்றால், எடுத்ததும் அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் அழுத்தியும் வளைத்தும் பாருங்கள். பாலியூரித்தேன் வகை அடி, போடாமல் வைத்திருந்தாலும், காற்றில் உள்ள ஈரத்தால் உள்ளுக்குள் உளுத்துப்போகும். பார்க்கப் புதுசாக இருந்து, நடுமலையில் கேக் மாதிரி உதிரும். கையில் துகள் ஒட்டினால் அந்த ஷூவை வேனில் ஏற்றாதீர்கள்.