மேட்டிலும் பள்ளத்திலும் ஜெய ஜீவியம்: வீட்டுக்கு உதவும் குறிப்புகள்

வெற்றியுள்ள கிறிஸ்தவ வாழ்க்கை என்றதும் கன்வென்ஷன் பந்தலும் ஒலிபெருக்கியும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அந்த வாழ்க்கை நிற்கிறதா, சாய்கிறதா என்பது தெரிவதோ சம்பளத் தேதியிலும் ஆஸ்பத்திரி வராந்தாவிலும்தான். ரோமர் 8ஆம் அதிகாரத்தில் பவுல் பசி, ஆபத்து, வாள் என்று வரிசையாக அடுக்கிவிட்டு, இவற்றின் நடுவிலேயே ஜெயிக்கிறோம் என்கிறார். இவை வரவே வராது என்று அவர் யாருக்கும் உறுதி சொல்லவில்லை. இனி குறிப்புகள்.

1. குடும்ப ஜெபத்தை நல்ல நாளிலேயே தொடங்கிவிடுங்கள். கஷ்டம் வந்தால் மட்டும் முழங்கால் போடும் வீட்டில், அப்பா பாயை விரித்தாலே ஏதோ கெட்ட செய்தி என்று பிள்ளைகள் பயப்படுவார்கள். ஒரு பாட்டு, ஒரு சங்கீதம், ஆளுக்கு இரண்டு வரி ஜெபம். பத்து நிமிடம் போதும். நீளமாக ஜெபிக்கும் பெரியப்பா ஊரிலிருந்து வந்திருந்தால் சாப்பாட்டு ஜெபத்தை மட்டும் அவரிடம் கொடுக்காதீர்கள். குழம்பு ஆறிவிடும்.

2. சில பாட்டுகளையும் சங்கீதங்களையும் மனப்பாடமாக வைத்திருங்கள். பிலிப்பி சிறையில் பவுலும் சீலாவும் நள்ளிரவில் பாடியபோது முதுகில் அடிபட்ட காயம், காலில் தொழுமரம். கையில் பாட்டுப் புத்தகம் இருந்திருக்க வழியில்லை. ஐ.சி.யூ.வுக்குள் செல்போனை விடாத இடங்கள் இன்றும் உண்டு. நெஞ்சில் இருப்பதை யாரும் வாசலில் வாங்கி வைக்க முடியாது. 23, 46, 121 ஆகிய மூன்று சங்கீதங்களில் தொடங்கலாம். பேரன் பெயரை மறந்துபோன பாட்டிகள்கூடச் சின்ன வயதில் கற்ற கீர்த்தனையைப் பல்லவி பிசகாமல் பாடுவதைப் பார்த்திருப்பீர்கள்.

3. செழிப்பான காலத்தில்தான் அதிக கவனம் வேண்டும். என் கணக்கில் கஷ்டத்தைவிட இதுதான் கடினமான பரீட்சை, ஏனென்றால் பரீட்சை நடப்பதே நமக்குத் தெரியாது. உபாகமம் 8ஆம் அதிகாரத்தில் மோசே எச்சரிப்பது பஞ்சத்தைப் பற்றியல்ல. வயிறு நிறைந்து, நல்ல வீடு கட்டி, ஆடு மாடு பெருகிய பிறகு, எல்லாம் என் கை சாமர்த்தியம் என்று நினைத்துவிடும் நெஞ்சைப் பற்றித்தான். குணமான குஷ்டரோகிகள் பத்துப் பேரில் நன்றி சொல்லத் திரும்பி வந்தவன் ஒருவன், அவனும் சமாரியன்.

இதற்கு வீட்டு வைத்தியம் உண்டு. சம்பளம் வந்த அன்றே காணிக்கையைக் கவரில் போட்டுத் தனியே வைத்துவிடுங்கள். மாதக் கடைசியில் மிஞ்சினால் பார்க்கலாம் என்றால் ஒருநாளும் மிஞ்சாது. தென் மாவட்டத்துச் சபைகளில் நம் பாட்டிமார் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் எடுத்து வைத்து ஆலயத்துக்குக் கொடுத்தார்கள். வறுமையிலும் நின்றுபோகாத பழக்கம் அது. போனஸ் வந்த மாதத்தில் நாம் அந்தப் பிடியைக் கொஞ்சம் பெரிதாக்கலாம்: ஒரு பிள்ளையின் பள்ளிக் கட்டணம், ஒரு விதவையின் வாடகை. புதுவீட்டுச் சாட்சி சொல்ல எழுந்தால் கர்த்தரைச் சொல்லுங்கள், சதுர அடியைச் சொல்ல வேண்டாம். பின் வரிசையில் வீட்டைக் காலி செய்யச் சொல்லப்பட்ட குடும்பம் உட்கார்ந்திருக்கும்.

4. ஜெப நோட்டு ஒன்று போடுங்கள். இடது பக்கம் வேண்டுதலும் தேதியும். வலது பக்கம் நடந்தது என்ன என்று. கிடைக்காமல் போனதையும் எழுதுங்கள், இல்லாவிட்டால் அது நோட்டு அல்ல, விளம்பரம். நம் ஊரில் பல வீட்டு வாசலில் எபெனேசர் என்ற பெயர் இருக்கிறது. சாமுவேல் வெற்றிக் கல்லை நாட்டி அந்தப் பெயரிட்டது 1 சாமுவேல் 7ஆம் அதிகாரத்தில். அதே பெயர் 4ஆம் அதிகாரத்திலும் வருகிறது: இஸ்ரவேலர் பாளயம் இறங்கியது அங்கே, தோற்றுப்போய் உடன்படிக்கைப் பெட்டியையே பறிகொடுத்த போர் அது. உங்கள் நோட்டிலும் அப்படி இரண்டுக்கும் இடம் இருக்கட்டும்.

5. புத்தாண்டு வாக்குத்தத்த அட்டையைச் சுவரில் ஒட்டும் முன் அதிகாரம் முழுவதையும் வாசியுங்கள். எரேமியா 29இல் அட்டைக்கு வருவது பெரும்பாலும் 11ஆம் வசனம். அதற்கு முந்தைய வசனத்தில் எழுபது ஆண்டு காத்திருப்பு இருக்கிறது. அந்தக் கடிதம் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட சிறைக்கைதிகளுக்கு எழுதியது. அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள் என்கிறது. மார்ச் மாதத்துக்குள் எல்லாம் சரியாகவில்லையே என்று அட்டையைக் கிழிக்க நினைப்பவர்களுக்கு அந்த முழு அதிகாரம் பெரிய ஆறுதல்.

6. அழ விடுங்கள். லாசருவை எழுப்பப் போவது தெரிந்தும் இயேசு கண்ணீர் விட்டார். 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. கடைசி வரியில்கூட வெளிச்சம் இல்லை. விசுவாசி அழக்கூடாது என்பது வேதத்தில் இல்லாத சட்டம்.

7. பணக் கஷ்டம் என்றால் முதலில் கணக்கை எழுதுங்கள். ஆபகூக் கடைசி அதிகாரத்தில் அத்திமரம், திராட்சை, ஒலிவம், வயல், ஆட்டுத் தொழுவம், மாட்டுத் தொழுவம் என்று இல்லாமல் போனதை ஒவ்வொன்றாக எண்ணுகிறார். எண்ணி முடித்த பிறகுதான் கர்த்தருக்குள் களிகூருவதைப் பற்றிப் பேசுகிறார். கணவனும் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்து எல்லாக் கடனையும், அடகு வைத்த வளையல் உட்பட, ஒரே தாளில் எழுதினால் பாதிப் பயம் இறங்கும். வட்டிக்கு வாங்கிக் காணிக்கை போட்டால் நூறு மடங்கு வரும் என்று எவர் சொன்னாலும் வணக்கம் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

8. மாத்திரையும் ஜெபமும் ஒரே டப்பாவில் இருக்கட்டும். எத்தனையோ பேருக்காக ஜெபித்த பவுல், துரோப்பீமுவை வியாதியோடு மிலேத்துவில் விட்டுவிட்டுப் போனதாக எழுதுகிறார். தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்குக் கொஞ்சம் திராட்சரசம் எடுக்கச் சொல்கிறார். தன் உடம்பிலிருந்த முள்ளை நீக்கும்படி மூன்று தரம் கேட்டும் அது போகவில்லை. எனவே சர்க்கரை மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் கூட்டத்துக்குப் போய்வந்த உற்சாகத்தில் நிறுத்தாதீர்கள். டாக்டர் சொன்னால் மட்டும் நிறுத்துங்கள்.

படுத்த படுக்கையானவர்கள் தோற்றுப்போனவர்கள் என்று யாராவது பேசினால் டோனாவூரைக் காட்டுங்கள். 1895இல் இந்தியா வந்து, ஆதரவற்ற பிள்ளைகளுக்காக அங்கே வாழ்ந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931இல் தவறி விழுந்தார். அதிலிருந்து 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் தம் அறையிலேயே இருந்தார். பல புத்தகங்கள் அந்தப் படுக்கையில் எழுதப்பட்டவை.

9. பெரிய வெற்றிக்கு அடுத்த வாரம் ஜாக்கிரதை. கர்மேல் மலையில் அத்தனை பேர் முன் ஜெயித்த எலியா, அடுத்த அதிகாரத்தில் சூரைச்செடியின் கீழ் படுத்துச் சாகக் கேட்கிறார். தேவதூதன் அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. தூங்க விட்டு, சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்து, மறுபடி தூங்க விட்டு, மறுபடி சாப்பிடச் சொன்னான். மகளின் கல்யாணம், வீடு பிரதிஷ்டை, கிறிஸ்துமஸ் ஓட்டம் முடிந்து சலிப்பும் எரிச்சலும் வந்தால் பிசாசைத் திட்டுவதற்கு முன் இரண்டு நாள் நன்றாகத் தூங்குங்கள். தூக்கம், பசி, பேச்சு எல்லாம் குறைந்து இரண்டு வாரத்துக்கு மேலும் துக்கம் விடவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் 14416. இலவசம், தமிழிலும் பேசலாம். இதற்கும் விசுவாசக் குறைவுக்கும் முடிச்சுப் போடாதீர்கள்.

10. துக்க வீட்டுக்குப் போனால் வாயைவிடக் கையை அதிகம் பயன்படுத்துங்கள். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் ஒன்றும் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை நல்ல நண்பர்கள்தான். பேச ஆரம்பித்ததும் கெடுத்தார்கள். என்ன பாவமோ என்ற கேள்வியைப் பிறவிக் குருடன் விஷயத்திலேயே இயேசு தள்ளிவிட்டார். ஃபிளாஸ்கில் காப்பி கொண்டுபோங்கள். பிள்ளைகளைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்புங்கள். இறப்புச் சான்றிதழ் வாங்க நகராட்சி அலுவலகத்துக்கு ஒருவர் கூடப் போகலாம்.

11. உங்கள் பெஞ்சில் வழக்கமாக உட்காரும் குடும்பம் இரண்டு ஞாயிறாக வரவில்லையா? இன்று மாலையே ஒரு எட்டுப் போய்ப் பாருங்கள். வசனத்தை அவர்கள் கேட்டால் சொல்லலாம். இட்லியைக் கேட்காமலே கொடுத்துவிடுங்கள்.